நாலு சவரன் சங்கிலியும் சுத்த இருதயமும்

கேள்வி இது: "ஐயா, நாங்கள் குடியாத்தம் பக்கம். மூன்று தலைமுறையாக சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை. என் தங்கை (வயது 26, கல்யாணம் ஆகவில்லை) இரண்டு வருஷமாக ஒரு பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறாள். போன வருஷம் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தவள், அன்றைக்கே சங்கிலி, கம்மல் எல்லாவற்றையும் கழற்றி அம்மா கையில் கொடுத்துவிட்டாள். இப்போது வெள்ளைப் புடவைதான். 'வெளி அலங்காரம் கர்த்தருக்கு அருவருப்பு' என்கிறாள். அம்மாவோ, 'மனசு சுத்தமா இருந்தா போதும், கழுத்துல என்ன இருந்தா ஆண்டவருக்கு என்ன' என்கிறார். கிறிஸ்துமஸிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. நாலு சவரன் சங்கிலி அரிசி டப்பாவுக்குள் கிடக்கிறது. அப்பா போன பிறகு அம்மா பீடி சுற்றி, சீட்டுக் கட்டி வாங்கியது அது. வேதம் யார் பக்கம்?"

தம்பி, உங்கள் கேள்வியில் என் கண் முதலில் போய் நின்றது அந்த அரிசி டப்பாவில்தான். அதற்குக் கடைசியில் வருகிறேன். நான் போதகர் இல்லை. வேலூரில் முப்பது வருஷம் ஞாயிறு பள்ளியில் பாடம் எடுத்தவன், கூப்பிட்ட சபைகளில் பேசுகிறவன், கிரேக்கம் கொஞ்சம் தெரியும், அவ்வளவுதான். என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்மா, தங்கை இரண்டு பேருமே நல்ல வசனத்தைக் கையில் வைத்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள். ஆனால் இயேசு 'உள்ளே' என்று எதைச் சொன்னார் என்பதை இரண்டு பேருமே இன்னும் பார்க்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் தங்கையின் வசனம். நகை விஷயத்தில் எல்லோரும் எடுப்பது 1 பேதுரு 3ஆம் அதிகாரம்: "மயிரைப் பின்னி, பொன்னாபரணங்களை அணிந்து, உயர்ந்த வஸ்திரங்களை உடுத்திக்கொள்ளுதலாகிய புறம்பான அலங்கரிப்பு" உங்களுக்கு அலங்காரமாக இருக்க வேண்டாம், இருதயத்தில் மறைந்திருக்கிற குணமே அலங்காரமாக இருக்கட்டும் என்கிறார் பேதுரு. மூலமான கிரேக்கத்தில் அந்த இடத்தில் 'உயர்ந்த' என்ற சொல் கிடையாது. வெறுமனே 'வஸ்திரம் உடுத்துதல்' என்றுதான் இருக்கிறது. அப்படியானால் நகை போடாதே என்று அதைச் சட்டமாக எடுத்தால், புடவை கட்டாதே என்றும் எடுக்க வேண்டியிருக்கும். யாரும் அப்படி எடுப்பதில்லை. தலை பின்னாதே என்றும் யாரும் சொல்வதில்லை. வெள்ளைப் புடவை கட்டுகிற அக்காமார்களும் அழகாகப் பின்னிக்கொண்டுதான் சபைக்கு வருகிறார்கள். ஆகவே பேதுரு தடைப் பட்டியல் போடவில்லை, உன் அழகு எங்கே இருக்கிறது என்று கேட்கிறார். பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது மட்டும் 'விலையேறப்பெற்ற வஸ்திரம்' என்று விலையைக் குறிப்பிடுகிறார். அங்கே சபைக்குள் பணக்காரத்தனம் காட்டுவதைப் பற்றிய கவலை தெரிகிறது.

பொன் மேல் வேதத்துக்குப் பகை எதுவும் இல்லை. ஆபிரகாமின் ஊழியக்காரன் கிணற்றடியில் ரெபெக்காளுக்குப் போட்டது பொன் நகைதான். யாத்திராகமம் 32ஆம் அதிகாரத்தில் ஜனங்கள் காதில் இருந்ததைக் கழற்றிக் கொடுக்கிறார்கள், அது அவர்கள் வணங்குகிற பொன் கன்றுக்குட்டி ஆகிறது. மூன்று அதிகாரம் தள்ளிப் போனால் அதே ஜனங்கள் மறுபடி காதில் கையில் இருப்பதைக் கழற்றிக் கொடுக்கிறார்கள், அது ஆண்டவரைத் தொழுகிற ஆசரிப்புக் கூடாரம் ஆகிறது. இரண்டு தடவையும் நகையைக் கழற்றத்தான் செய்தார்கள் என்பதைத் தங்கையிடம் சொல்லிப் பாருங்கள், யோசிப்பாள்.

அப்புறம் அந்த 'அருவருப்பு' என்ற சொல். "மனுஷருக்குள்ளே மேன்மையாக எண்ணப்படுவது தேவனுக்கு முன்பாக அருவருப்பாயிருக்கிறது" என்று லூக்கா 16ல் வருகிறது. அதற்கு முந்தைய வசனத்தைப் படித்தால், இயேசு இதை யாரிடம் சொன்னார் என்று தெரியும். பொருளாசைக்காரராக இருந்த பரிசேயரிடம், அதாவது சட்டத்தை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்த யூத மதப் பிரிவினரிடம். கம்மல் போட்ட எந்தப் பெண்ணிடமும் அவர் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை.

இவ்வளவு சொன்னதால் நான் அம்மா கட்சி என்று நினைத்துவிடாதீர்கள். நகை கழற்றுகிற பழக்கத்தில் நம் ஊர்ச் சூழலில் ஒரு பெரிய நன்மை இருக்கிறது, அதை சி.எஸ்.ஐ. காரர்கள் நாம் ஒத்துக்கொள்வதே இல்லை. வரன் பேச உட்கார்ந்தால் முதல் கேள்வியே 'எத்தனை சவரன்' என்றுதான் வருகிறது. நகையே போடாத ஒரு சபையில் அந்தக் கேள்விக்கு இடமில்லை. பேரணாம்பட்டுப் பக்கம் அப்படி ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பெண்ணின் கழுத்தில் ஒன்றும் இல்லை, பெண்ணின் அப்பா முகத்தில் கடன்காரனின் களை இல்லை. அது நல்ல காட்சி. கூலி வேலைக்குப் போகிற ஒரு பெண், டாக்டர் வீட்டம்மா பக்கத்தில் கூச்சமில்லாமல் உட்காரவும் அந்த வெள்ளைப் புடவை வழி செய்கிறது.

ஆனால் மனுஷ மனசு சும்மா இருக்குமா? 'நகை வேண்டாம், அந்தக் காசை ரொக்கமாகவே கொடுத்துவிடுங்கள்' என்று பேசிய மாப்பிள்ளை வீட்டையும் பார்த்திருக்கிறேன். மாமியார் உடம்பில் பொட்டுத் தங்கம் இல்லை. பேச்சில் ஒரு பைசா குறையவும் இல்லை. வெள்ளையிலேயே எத்தனை ரகம் இருக்கிறது என்பது துணிக்கடைக்காரருக்குத் தெரியும். எளிமையையே நகையாகப் போட்டுக்கொள்ள முடியும். உபவாசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முகத்தை வாடவைத்துக்கொண்டு வீதியில் நடக்காதே, தலைக்கு எண்ணெய் பூசி முகத்தைக் கழுவு, யாருக்கும் தெரிய வேண்டாம் என்றார் ஆண்டவர். பக்தியை மறைக்கவும் ஒரு வெளித்தோற்றம் வேண்டும் என்கிறார் பாருங்கள். மலைப்பிரசங்கத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது.

இப்போது அம்மாவின் வசனம். "மனுஷன் முகத்தைப் பார்ப்பான், கர்த்தரோ இருதயத்தைப் பார்க்கிறார்." 1 சாமுவேல் 16. நம் வீடுகளில் இதை எப்போது சொல்கிறோம்? யாராவது நம்மைக் குறை சொல்லும்போது. 'என் மனசு ஆண்டவருக்குத் தெரியும்' என்று வாயை அடைத்துவிடுகிறோம். அந்த அதிகாரத்தில் இந்த வார்த்தை யாருக்குச் சொல்லப்பட்டது என்று பாருங்கள். தாவீதின் மூத்த அண்ணன் எலியாபின் உயரத்தைப் பார்த்து மயங்கி, இவன்தான் ராஜா என்று முடிவு கட்டிய சாமுவேல் தீர்க்கதரிசிக்கு. அடுத்தவனை எடை போட உட்கார்ந்தவனுக்குக் கிடைத்த குட்டு அது. நாம் அதை நம் தலைக்குத் தலையணையாக்கிக்கொண்டோம். கர்த்தர் இருதயத்தைப் பார்க்கிறார் என்பது நிம்மதியான செய்தி என்று யார் சொன்னது? எரேமியாவைக் கேட்டால், "எல்லாவற்றைப்பார்க்கிலும் இருதயமே திருக்குள்ளதும் மகா கேடுள்ளதுமாயிருக்கிறது" என்கிறார். ஆண்டவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டால் நல்லது என்று நான் நினைத்த நாட்களும் உண்டு.

அதே அதிகாரத்தில் இன்னொரு வேடிக்கை. முகத்தைப் பார்க்காதே என்று சொல்லி முடித்து ஐந்து வசனம் ஆகவில்லை, தாவீது உள்ளே வருகிறான். சிவந்த மேனி, அழகிய கண்கள், நல்ல ரூபம் என்று எழுதியிருக்கிறது. அழகாக இருப்பதால் ஒருவனைத் தள்ளவும் கூடாது போல.

எங்கள் வேலூரைப் பற்றி ஒரு வழக்குப் பேச்சு உண்டு, உங்களுக்கும் தெரிந்திருக்கும்: மரமில்லாத மலை, தண்ணீரில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமியில்லாத கோயில். கடைசியில் சொன்னது இப்போது பொருந்தாது; கோட்டைக்குள் இருக்கிற ஜலகண்டேசுவரர் கோயிலில் 1981ல் மறுபடி சாமியை வைத்துவிட்டார்கள். தண்ணீரில்லாத ஆறு என்ற பேச்சும் முழு உண்மை இல்லை. பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுத்தவர்கள் நாம். மேலே வெறும் மணல், கீழே ஈரம். கரையோரத்தில் இன்னொன்றும் நடந்தது. தோல் தொழிற்சாலைக் கழிவு இறங்கிய கிணறுகளில் தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெரியும், வாயில் வைத்தால் உப்பு. 1996ல் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தீர்ப்பு வந்த விஷயம் அது. ஆக, கண்ணால் பார்த்து உள்ளதைச் சொல்ல முடியாது என்பதை வேலூர்க்காரனுக்கு வேதம் வந்து சொல்ல வேண்டியதில்லை.

இருந்தும் நான் தவறினேன். சொல்லிவிடுகிறேன். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆலய வாசலில் வருகிறவர்களை உட்கார வைக்கிற வேலை எனக்கு. டேனரியில் வேலை செய்கிற ஒருவர் வந்தார். குளித்துத்தான் வந்திருந்தார், ஆனாலும் அந்தத் தோல் வாடை போகவில்லை. 'பின்னாடி காத்தோட்டமா இருக்கும், அங்க உக்காருங்க' என்று கடைசி பெஞ்சைக் காட்டினேன். இரண்டு நிமிஷம் கழித்துக் காரில் வந்து இறங்கிய ஒரு குடும்பத்தை நானே முன்வரிசைக்கு அழைத்துப் போனேன். யாக்கோபு நிருபம் இரண்டாம் அதிகாரத்தில் பொன் மோதிரம் போட்டவனையும் கந்தை உடுத்தினவனையும் பற்றி எழுதியிருப்பதை வரிக்கு வரி செய்து காட்டினேன். அதே மாதத்தில் அதே ஆலயத்தில் 1 சாமுவேல் 16ஐ வைத்துப் பிரசங்கமும் செய்தேன். நன்றாக இருந்தது என்று நாலு பேர் சொன்னார்கள். அந்த மனுஷர் மறுபடி வரவில்லை. அவர் பெயரைக்கூட நான் கேட்டுவைக்கவில்லை.

சரி, 'உள்ளே' என்றால் என்ன? இதற்குத்தான் மத்தேயு 23ஐ மெதுவாகப் படிக்க வேண்டும். போஜனபானபாத்திரங்களின் வெளிப்புறத்தைச் சுத்தம் செய்கிறீர்கள் என்று இயேசு தொடங்குகிறார். கிண்ணத்துக்கு உள்ளே என்ன அழுக்கு என்கிறார்? கெட்ட எண்ணம் என்று சொல்லவில்லை. "கொள்ளையினாலும் அநீதத்தினாலும் நிறைந்திருக்கிறது" என்கிறார். அதாவது, கிண்ணத்துக்குள் இருக்கிற சோறு எந்தக் காசில் வந்தது என்று கேட்கிறார். விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிறீர்கள் என்பது அதே அதிகாரம். வெந்தயத்திலும் சீரகத்திலும்கூடக் கணக்காகத் தசமபாகம் எடுத்து வைத்துவிட்டு நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டுவிட்டீர்கள் என்பதும் அதே அதிகாரம். அஞ்சறைப்பெட்டியில் இருக்கிற சீரகத்தை எண்ணிப் பத்தில் ஒன்று பிரித்து வைக்கிற ஆளை நினைத்துப் பாருங்கள், சிரிப்பு வரும். வட்டிக்குக் கொடுத்த பணத்துக்குப் பக்கத்து வீட்டு விதவையின் பத்திரத்தை வாங்கி வைத்திருக்கிறவரும் அவரே என்றால் சிரிப்பு நின்றுவிடும்.

நாம் மனசு என்றால் உணர்ச்சி என்று எடுத்துக்கொள்கிறோம். பாட்டுப் பாடும்போது கண் கலங்கினால் மனசு சுத்தம் என்று நினைக்கிறோம். எபிரேயத்தில் இருதயத்துக்கு 'லேவ்' என்று பெயர். நினைப்பதும் திட்டம் போடுவதும் முடிவெடுப்பதும் அங்கேதான். மாற்கு 7ஆம் அதிகாரத்தில் இருதயத்திலிருந்து புறப்பட்டு வருகிறவை என்று இயேசு ஒரு பட்டியல் சொல்கிறார்: களவு, பொருளாசை, கபடு, வன்கண், பெருமை இப்படிப் போகிறது. வன்கண் என்ற சொல்லைக் கவனியுங்கள். அடுத்தவன் நன்றாக இருந்தால் எரிகிற கண். உள்ளே இருக்கிறதெல்லாம் யாரோ ஒருவர் மேல் போய் விழுகிற சமாச்சாரமாகவே இருக்கிறது. (அந்த அதிகாரத்தில் சீஷர்கள் கை கழுவாமல் சாப்பிட்டதை வைத்துத்தான் தகராறு தொடங்கியது. அது சடங்குக்காகக் கழுவுவது. ஆஸ்பத்திரிக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு, கை கழுவ வேண்டாம் என்று இயேசு சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

அங்கேயே கொர்பான் என்று ஒரு வழக்கத்தை எடுக்கிறார். இது உங்கள் வீட்டுக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது. பெற்றோருக்குச் செய்ய வேண்டிய உதவியை 'இது தேவனுக்குக் காணிக்கை' என்று ஒருவன் சொல்லிவிட்டால் போதும். அதற்கப்புறம் அப்பா அம்மாவுக்கு அவன் ஒன்றும் செய்ய வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். வெளியே பார்த்தால் பெரிய பக்தி. உள்ளே அம்மா பட்டினி. உங்கள் பாரம்பரியத்தினால் தேவவசனத்தை அவமாக்குகிறீர்கள் என்று இயேசு கோபப்பட்டது இதற்குத்தான். மாதம் பிறந்ததும் தசமபாகக் கவரைச் சரியாக எடுத்து வைத்துவிட்டு, ஊரில் இருக்கிற அம்மாவின் சுகர் மாத்திரைக்கு அண்ணன் பார்த்துக்கொள்ளட்டும் என்று இருக்கிறவர்கள் எல்லாச் சபையிலும் இருக்கிறார்கள். நகை போட்ட சபையிலும் போடாத சபையிலும்.

"இருதயத்தில் சுத்தமுள்ளவர்கள் பாக்கியவான்கள்" என்ற வசனத்தில் சுத்தம் என்பதற்கு வருகிற கிரேக்கச் சொல் 'கதரோஸ்'. உமி தூற்றி எடுத்த தானியத்துக்கும், கலப்பில்லாத பொன்னுக்கும் அந்தச் சொல்லைச் சொல்வார்கள். பால்காரரிடம் 'தண்ணி கலக்காத பாலா' என்று கேட்போமே, அந்தச் சுத்தம். யாக்கோபு இதையே, "இருமனமுள்ளவர்களே, உங்கள் இருதயங்களைப் பரிசுத்தமாக்குங்கள்" என்று திருப்பிச் சொல்கிறார். அழுக்கு என்பது அவருக்கு இரட்டை மனசு. ஆலயத்தில் ஒன்று, கடையில் ஒன்று.

அதனால்தான் மத்தேயு 23ல் பரிசேயரைத் திட்டும்போது மாயக்காரர் என்ற சொல் இவ்வளவு கனமாக வருகிறது. கிரேக்கத்தில் அது மேடையில் நடிக்கிறவனைக் குறிக்கிற சொல். வட ஆற்காட்டுக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். புரிசை மாதிரி கூத்துக்கென்றே பேர்போன ஊர்கள் பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் இருக்கின்றன. ராத்திரி முழுக்கக் கிரீடம் வைத்து துரியோதனனாக ஆடுகிறவர், விடிந்ததும் அரிதாரத்தைத் துடைத்துவிட்டு டீக்கடையில் உட்காருவார். அவரை யாரும் ஏமாற்றுக்காரர் என்று சொல்வதில்லை, வேஷம் என்று ஊருக்கே தெரியும். அரிதாரத்தைத் துடைக்காமல் வீட்டுக்குப் போய், பெண்டாட்டி பிள்ளைகளிடமும் கிரீடத்தோடு பேசுகிறவனைத்தான் இயேசு மாயக்காரன் என்கிறார்.

அதே அதிகாரத்தில் பரிசேயரை இயேசு வெள்ளையடிக்கப்பட்ட கல்லறைகளுக்கு ஒப்பிடுகிறார், அந்த விஷயமும் நாம் நினைக்கிற மாதிரி இல்லை. யூதர்கள் பஸ்கா பண்டிகைக்கு முந்தைய மாதத்தில் கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடித்தது அழகுக்காக இல்லை. ஊரூராக வருகிற ஜனங்கள் தெரியாமல் மிதித்துத் தீட்டுப்பட்டுவிடக் கூடாது, அதனால் தூரத்திலேயே தெரியட்டும் என்று அடித்தார்கள். அது ஒரு எச்சரிக்கைப் பலகை. அதே வெள்ளை, வெயிலில் பளிச்சென்று பார்க்க லட்சணமாகவும் இருந்துவிடுகிறது. பரிசேயரைப் பார்த்து 'நீங்கள் அது' என்று இயேசு சொல்லும்போது, ஜனங்களே இவர்களிடம் கிட்டப் போகாதீர்கள் என்பதும் அதில் கேட்கிறது.

வெள்ளை என்றதும் ஒன்று சொல்லாமல் விட மனசு வரவில்லை. 1833ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் தென்னாட்டுச் சபைகளுக்கு எழுதினார்: சாதி வேறுபாட்டை உடனே, முழுவதுமாக விட்டுவிட வேண்டும் என்று. எழுதி இருநூறு வருஷம் ஆகப்போகிறது. 'மணமகள் தேவை' விளம்பரத்தில் 'கிறிஸ்தவர்' என்று போட்டு அடுத்த சொல்லாகச் சாதியைப் போடுகிறோம். நகை போடாத, சினிமா பார்க்காத, டீ கூடக் குடிக்காத பரிசுத்தவான்களும் போடுகிறார்கள். 'மனசுதான் முக்கியம்' என்கிற நம் ஆட்களும் போடுகிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க எக்ஸ்ரே தேவையில்லை, அந்த விளம்பரமே போதும்.

நீங்கள் கேட்கலாம், நம் உள்ளே என்ன இருக்கிறது என்று நமக்கே தெரிவது எப்படி? இதற்கு எனக்குப் பதில் கிடைத்தது கரிகிரியில். கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட் 1946ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயில் விரல்கள் அழுகி விழுந்துவிடுகின்றன என்று அதுவரை நினைத்திருந்தார்கள். அவர் கவனித்துப் பார்த்தால் விஷயம் வேறு. நரம்பு செத்துப்போய் வலி தெரிவதில்லை. சூடான பாத்திரத்தைப் பிடிக்கிறார்கள், தெரியவில்லை. காலில் முள் ஏறுகிறது, அதோடே நடக்கிறார்கள். புண்ணுக்கு மேல் புண்ணாகித்தான் விரல் போகிறது. வலி இல்லாததே அங்கே பெரிய ஆபத்து. காட்பாடியைத் தாண்டிக் கரிகிரியில் 1955ல் தொடங்கின தொழுநோய் மருத்துவமனையில் இந்த அறிவை வைத்து எத்தனையோ கைகளைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

எபேசியர் 4:19ல் பவுல் சிலரைப் பற்றி "உணர்வில்லாதவர்களாய்" என்று எழுதுகிறார். அந்தக் கிரேக்கச் சொல்லைப் பிரித்தால் 'வலி அற்றுப்போனவர்கள்' என்றே வரும். அதைப் படித்த அன்று எனக்குக் கரிகிரிதான் ஞாபகம் வந்தது. அம்மாவிடம் எட்டு மாதம் பேசாமல் இருந்தும் ஆராதனையில் கை தட்ட முடிகிறதென்றால், மகளிடம் பேசாமலே திருவிருந்து எடுத்துவிட்டு வர முடிகிறதென்றால், எங்கேயோ மரத்துப்போயிருக்கிறது. உறுத்தினால் நல்லது. தாவீது எப்படிப்பட்டவன்? இருதயத்தைப் பார்த்து ஆண்டவரே பொறுக்கியெடுத்த ஆள். அவனே அடுத்தவன் மனைவியை எடுத்துக்கொண்டு, புருஷனைக் கொல்லவும் வைத்தான். மாதக்கணக்காக உறுத்தவே இல்லை, நாத்தான் தீர்க்கதரிசி வந்து கதை சொல்லும்வரை. அதற்கப்புறம்தான் 51ஆம் சங்கீதம்: "தேவனே, சுத்த இருதயத்தை என்னிலே சிருஷ்டியும்." ஆதியாகமம் முதல் வசனத்தில் வருகிற அதே சிருஷ்டிப்பு. இருக்கிறதைத் துடைத்துத் தாரும் என்று அவன் கேட்கவில்லை; புதிதாக உண்டாக்கும் என்கிறான். நாம் துடைத்து வைத்துக்கொண்டு அடுத்தவருக்குக் காட்டுகிற சாமான் இல்லை அது.

இனி வெளித்தோற்றத்துக்காக ஒரு வார்த்தை. வெளியில் இருப்பது ஒன்றுமே இல்லை என்று பேசுகிறவர்களை எங்கள் கோட்டைப் பக்கம் ஒரு நடை அழைத்துப் போவேன். 1805 நவம்பரில் ஆங்கிலேயரின் சென்னை ராணுவத்தில் ஒரு உத்தரவு போட்டார்கள். சிப்பாய்கள் நெற்றியில் குறி வைக்கக் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், கடுக்கன் கூடாது, தோல் பட்டை வைத்த புது மாதிரித் தலைப்பாகை வேண்டும். துரைமார்களுக்கு அது வெறும் உடுப்பு ஒழுங்கு. சிப்பாய்களுக்கோ, தங்களைக் கிறிஸ்தவர்களாக்கப் போகிறார்கள் என்ற பயம். 1806 ஜூலை 10ஆம் தேதி விடியும் முன்னே கோட்டைக்குள் சிப்பாய்கள் கலகம் செய்தது உங்களுக்குத் தெரியும். அதற்கு வேறு காரணங்களும் இருந்தன, ஆனாலும் நெற்றிக்குறியும் கடுக்கனும் அதில் முன்னால் நின்றன. உடம்பில் இருக்கிற அடையாளத்தில் ஒருவனுடைய அப்பா அம்மா, ஊர், மானம் எல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கும். 'அது சும்மா வெளிச் சமாச்சாரம்' என்று வெளியாள் சொல்வது எளிது.

அந்தச் சங்கிலிக்கு வருகிறேன். அம்மா ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கியவர். சரியில்லை என்று ஏஜெண்ட் கழித்துப் போட்டது போக மிச்சத்துக்குத்தான் காசு. முறத்தை மடியில் வைத்துக் குனிந்து உட்கார்ந்தால் கழுத்தும் முதுகும் என்ன ஆகும் என்று குடியாத்தத்துக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கழுத்து வலிதான் மகள் கழுத்தில் நாலு சவரனாகத் தொங்கியது. தங்கை அதைக் கழற்றியபோது உலகத்தின் ஆடம்பரத்தைக் கழற்றுவதாக நினைத்தாள். அது உண்மையாகவே இருக்கலாம், அவள் பக்தியை நான் சந்தேகப்படவில்லை. அம்மாவுக்கோ, தன் வருஷக்கணக்கான உழைப்பை மகள் திருப்பிக் கொடுத்த மாதிரி இருந்திருக்கும். 'கழுத்துல என்ன இருந்தா ஆண்டவருக்கு என்ன' என்று அவர் வசனம் பேசுவது அதனால்தான் என்பது என் ஊகம். கேள்வி அலங்காரத்தைப் பற்றியதே இல்லையோ என்னவோ.

நீங்கள் என்ன செய்யலாம்? நடுவில் உட்கார்ந்து வசனம் எடுத்துக் கொடுக்காதீர்கள். நான் மேலே எழுதியதில் தங்கைக்கு எதிரானதை மட்டும் எடுத்து அவளிடம் வாசித்துக் காட்டவும் வேண்டாம். அவள் நகை போட வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த வேண்டாம்; மனசாட்சியில் ஒன்றை விட்டவளை மறுபடி இழுப்பது பாவம். ஆனால் அந்தச் சங்கிலியை எப்படி வாங்கினாய் என்று அம்மாவிடம் அவள் ஒரு தடவை உட்கார்ந்து கேட்கலாம். எத்தனை சீட்டு, யார் பிடித்த சீட்டு, எந்த மாதம் கட்ட முடியாமல் போயிற்று, எல்லாம். அதைக் கேட்டுவிட்டு, 'இதைப் போட என் மனசு இடம் கொடுக்கலம்மா, ஆனா இது என்னன்னு எனக்குத் தெரியும்' என்று சொன்னால் போதும். சங்கிலியை என்ன செய்வது என்று அதற்கப்புறம் அவர்களே பேசிக்கொள்வார்கள். அம்மாவுக்குக் கண் ஆபரேஷனோ வீட்டுக்குக் கூரையோ ஏதாவது தேவை இருக்கும். காணிக்கைப் பெட்டியில் போடப் போகிறேன் என்று மட்டும் தங்கை கிளம்பினால், மாற்கு 7ஐத் திறந்து கையில் கொடுங்கள்.

பலிபீடத்தண்டையில் காணிக்கை செலுத்த வந்து, உன் பேரில் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவுகூர்ந்தால் காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகு என்று இருக்கிறது. யார் மேல் தப்பு என்று அங்கே கேட்கவில்லை. யாருக்கு ஞாபகம் வருகிறதோ அவர் எழுந்து போக வேண்டும். உங்கள் வீட்டில் யாருக்கு முதலில் ஞாபகம் வரும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் நவம்பர் 2 கல்லறைத் திருநாள் வருகிறது. அப்பா கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிக்க எப்படியும் போவீர்கள். இந்தத் தடவை ஆள் வைக்க வேண்டாம். ஒரு வாளியும் இரண்டு மட்டையும் எடுத்துக்கொண்டு, இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் போய்ப் பூ வாங்கி வர ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.